இத்தாலி உணவகத்தில் சைவர்கள் கேட்க வேண்டிய கேள்வி

இத்தாலிக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்த சைவர்கள் "இதில் இறைச்சி உண்டா?" என்று கேட்டு, "இல்லை" என்றதும் சாப்பிட்டுவிடுகிறார்கள். பரிமாறுபவர் பொய் சொல்வதில்லை. தட்டில் தெரியும் துண்டைத்தான் அவர் இறைச்சி என்று எண்ணுவார்; எலும்புச் சாறும் கொழுப்பும் அவர் கணக்கில் வராது. அதனால் பொருளின் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

ரிசோத்தோ என்ற அரிசி உணவில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். அரிசியை வதக்கி, வெள்ளை ஒயின் விட்டு, சூடான ப்ரோதோவை, அதாவது வேகவைத்து எடுத்த சாற்றை, கரண்டி கரண்டியாக ஊற்றி வேகவைப்பார்கள். அந்த ப்ரோதோ பல இடங்களில் மாட்டுச் சாறு அல்லது கோழிச் சாறு. காளான் ரிசோத்தோவும் விலக்கல்ல. மிலான் ரிசோத்தோவில் குங்குமப்பூவோடு மாட்டு எலும்பு மஜ்ஜை சேர்ப்பது மரபு. "ப்ரோதோ வெஜெத்தாலே?" (காய்கறிச் சாறா?) என்று கேட்டால் நேரான பதில் கிடைக்கும். மினெஸ்த்ரோனே என்ற காய்கறி சூப்பில் பஞ்செத்தா, அதாவது உப்பிட்ட பன்றி வயிற்று இறைச்சி, கிடக்கலாம். ரொமாஞா பக்கத்து பியாதினா ரொட்டி மாவில் ஸ்த்ருத்தோ, அதாவது பன்றிக் கொழுப்பு, சேர்ப்பது வழக்கம். ஆலிவ் எண்ணெயில் பிசைந்ததும் கிடைக்கும்.

சீஸ் விஷயம் அவரவர் கொள்கை. ஆனால் தெரிந்து முடிவெடுங்கள். பார்மிஜானோ ரெஜானோ, கிரானா பதானோ இரண்டிலும் பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பை நொதிதான். ஆகவே பார்மிஜானோ சேர்த்து அரைக்கும் துளசி வகைச் சட்னியான ஜெனோவா பெஸ்தோவும் கண்டிப்பான சைவமல்ல. கடையில் வாங்கும்போது 'கால்யோ வெஜெத்தாலே' (தாவர நொதி) என்று அச்சிட்ட சீஸைத் தேடுங்கள்.

ஒவ்வாமை உள்ளவர்களுக்குச் சட்டத்தின் துணை உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1169/2011 விதிப்படி 14 ஒவ்வாமைப் பொருள்கள் பற்றிய தகவலை உணவகம் தந்தாக வேண்டும். இறைச்சிச் சாறு அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஆகவே சைவருக்கு இந்தச் சட்டம் உதவாது. முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் கிரானா பதானோவைத் தவிர்க்க வேண்டும்: அதில் பெரும்பாலும் சேர்க்கும் லைசோசைம் என்ற நொதி முட்டையிலிருந்து வருவது. பார்மிஜானோவில் அது கிடையாது. புட்டி பெஸ்தோவில் பைன் கொட்டைக்குப் பதில் முந்திரி அரைப்பதுண்டு. மரபான திராமிசு என்ற இனிப்பில் முட்டை பச்சையாகவே இருக்கும். கர்ப்பிணிகள் தொடாமலிருப்பது நல்லது. பன்னா கோத்தா என்ற பாலேட்டு இனிப்பில் சேரும் ஜெலட்டின் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது; சைவர்கள் கவனிக்கவும்.

பயப்படாமல் சாப்பிடவும் நிறைய இருக்கிறது. தக்காளி, பூண்டு, ஓரிகனோ, ஆலிவ் எண்ணெய் மட்டுமுள்ள மரினாரா பீட்சா. லிகூரியாவின் ஃபரினாதா, வெறும் கடலை மாவு, தண்ணீர், எண்ணெய், உப்பு. ஈழத்தமிழர் பலர் வாழும் பலேர்மோவில் கடலைமாவு பனேல்லே தெருவிலேயே பொரிக்கிறார்கள். அதே எண்ணெயில் மீனும் பொரிகிறதா என்று மட்டும் சட்டியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.