ரயில் நின்றால் லாரி: அவ்வளவு சுலபமா?

"ரயில் பாதை அடைபட்டால் சரக்கை லாரியில் ஏற்றிவிட வேண்டியதுதானே?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். ஏற்றலாம். அந்த வசதிக்குக் காரணம் கையளவு ஓட்டை ஒன்று.

கன்டெய்னரின் எட்டு மூலைகளிலும் எஃகு வார்ப்புக் கட்டிகள் இருக்கும். மேல்மூலையில் 124 மில்லிமீட்டர் நீளம், 63.5 மில்லிமீட்டர் அகலத்தில் நீள்துளை. கிரேனிலிருந்து இறங்கும் இரும்புச் சட்டத்தில், அதே வடிவத்தில் சற்றே சிறிய தலை கொண்ட நான்கு முளைகள். தலையும் துளையும் ஒரே திசையில் இருந்தால் முளை வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். போனதும் 90 டிகிரி திரும்பும். இப்போது தலை துளைக்குக் குறுக்கே கிடக்கிறது, எப்படி இழுத்தாலும் வராது. நட்டு இல்லை, போல்ட் இல்லை, கயிறும் இல்லை. கால்வட்டத் திருப்பில் இருபது முப்பது டன் மேலே எழும்புகிறது. லாரியிலும் இதே பூட்டுதான், கீழ்மூலையில் மாட்டும். பல ரயில் வேகன்களில் திரும்பும் பூட்டுகூடக் கிடையாது. வெறும் முளைதான், மிச்சத்தைப் பெட்டியின் எடையே பார்த்துக்கொள்ளும்.

1950களில் மால்கம் மெக்லீனின் கப்பல் நிறுவனத்துக்காக இந்தப் பூட்டை வடிவமைத்தவர் கீத் டான்ட்லிங்கர் என்ற பொறியாளர். 1963-இல் நிறுவனம் காப்புரிமையைக் கட்டணமில்லாமல் விட்டுக்கொடுத்தது. பிடித்து வைத்திருந்தால் ஊருக்கொரு துளை வந்திருக்கும் என்பது என் எண்ணம்.

சரி, பெட்டி எதிலும் பொருந்தும். அப்புறம் என்ன சிக்கல்? 2017 ஆகஸ்ட் 12 அன்று ஜெர்மனியின் ராஷ்டாட்டில், ஓடிக்கொண்டிருந்த ரயில் பாதைக்கு அடியில் சுரங்கம் தோண்டும்போது மண் சரிந்து தண்டவாளம் தொய்ந்தது. வடகடல் துறைமுகங்களிலிருந்து ஸ்விட்சர்லாந்து, இத்தாலி போகும் முக்கியப் பாதை அது. அக்டோபர் 2 வரை மூடிக் கிடந்தது. பிரான்ஸ் வழியாகத் திருப்பலாம் என்றால் ஜெர்மன் மின்பாதையில் 15,000 வோல்ட், பிரான்ஸ் பக்கம் 25,000. எஞ்சின் ஒத்துவந்தாலும் ஓட்டுநருக்கு பிரெஞ்சு தெரிய வேண்டும். லாரி என்றால், நீளமான ஒரு சரக்கு ரயிலுக்கே நாற்பது ஐம்பது வண்டி பிடிக்க வேண்டும்.

பக்கத்திலேயே ஓடிய ரைன் நதியின் படகுகள் ஓரளவு கைகொடுத்தன. மறு வருடம் நதியும் காலை வாரியது. 2018 அக்டோபரில் கௌப் என்ற இடத்தில் நீர் அளவுகோல் 25 சென்டிமீட்டருக்கு இறங்கியது (அது ஆழமல்ல, படகுத்தடம் அதைவிட ஒரு மீட்டருக்கு மேல் ஆழம்). அரைகுறைச் சுமையோடுதான் படகுகள் போக முடிந்தது. ஆற்றுச் சரக்குக்கு இப்போது ரயிலில் இடம் தேட வேண்டியதாயிற்று.

புது சுரங்கத்துக்குக் கொட்டுகிற பணத்தில் சிறு பங்கு, இரண்டு மொழி தெரிந்த ஓட்டுநர்களுக்கும் இரண்டு மின்னழுத்தத்திலும் ஓடும் எஞ்சின்களுக்கும் போகலாம் என்பது என் கட்சி. நெதர்லாந்தில் முயன்று பார்த்த இன்னொரு வழியும் எனக்குப் பிடிக்கும்: சரக்குக்காரர் எதில் போக வேண்டும் என்று சொல்வதில்லை, என்றைக்குச் சேர வேண்டும் என்று மட்டும் சொல்கிறார். பாதை அடைபட்ட அன்று, அவசரப் பெட்டிகள், கைவசம் உள்ள லாரிகளில் ஏறும். அடுத்த வாரம் சேர்ந்தால் போதும் என்பவை படகுக்குப் போகும்.