டிரான்ஸ்பாண்டரைப் பொருத்தும் முன் பேட்டரியைப் பாருங்கள்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் வயர்லெஸ், ஜிபிஎஸ், கடலின் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர், படகு இருக்கும் இடத்தைச் சுற்றியுள்ள கப்பல்களுக்கு ஒலிபரப்பும் ஏஐஎஸ் ஆகிய கருவிகளைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் பதினெட்டு ஆண்டுகளாக என் தொழில். "மெஷின் போயிடுச்சு" என்று என் மேசைக்கு வந்த கருவிகளில் பாதிக்கு மேற்பட்டவை மேசையில் இணைத்தவுடன் ஒழுங்காக வேலை செய்திருக்கின்றன. பழுது படகில் இருந்தது. பேட்டரியிலோ, ஃபியூஸிலோ, கடல்நீர் புகுந்த ஒரு வயர் முனையிலோ இருந்தது. கண்காணிப்புக் கருவிகள் கட்டாயமாகிவரும் இந்நாளில் இந்தப் பழைய உண்மை படகு உரிமையாளர்களுக்குப் புதிய செலவு வைக்கக்கூடும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கரையிலிருந்து 12 கடல் மைல் வரை தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், 1983 செல்லும். அதற்கு அப்பால் 200 கடல் மைல் வரையுள்ள பிரத்தியேகப் பொருளாதார மண்டலத்துக்கான விதிகளை மத்திய அரசு 2025 நவம்பர் 4 அன்று அறிவித்தது. அவற்றின்படி விசைப்படகுகளும் பெரிய மோட்டார் படகுகளும் மீன்பிடிப் படகுகளைப் பதிவு செய்யும் ரியல்கிராஃப்ட் இணையதளம் வழியாக அனுமதிச் சீட்டு பெற வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. பாரம்பரிய மீனவர்களின் சிறு படகுகளுக்கு இந்தச் சீட்டு தேவையில்லை. படகு இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியாகக் கரைக்குச் சொல்லும் டிரான்ஸ்பாண்டரும், க்யூஆர் குறியீடு கொண்ட ஆதார் அல்லது மீனவர் அடையாள அட்டையும் அதே விதிகளில் இடம்பெற்றுள்ளன. டிரான்ஸ்பாண்டர் தனியாக வந்த யோசனை அல்ல. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்துகொண்டிருந்த குமரி மாவட்டப் படகுகள் பலவற்றுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் செயற்கைக்கோள் வழியே இருபுறமும் செய்தி போய்வரும் கருவி வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. 1 லட்சம் படகுகளில் அதை இலவசமாகப் பொருத்தும் ஏறத்தாழ 360 கோடி ரூபாய்த் திட்டம் 2024 ஆகஸ்ட் 30 அன்று தொடங்கப்பட்டது.

கருவி இலவசம் என்றாலும் அதற்கு மின்சாரம் கொடுக்கும் பொறுப்பு படகினுடையது. கரையில் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்குத் தெரிவது ஒரு புள்ளியும் அது போன தடமும் மட்டுமே. தடம் இரண்டு மணி நேரம் அறுந்துபோனால், ஃபியூஸ் போனதா, ஆள் அணைத்தாரா என்று அந்தத் திரை பிரித்துக் காட்டாது. கருவியின் மௌனம் படகின் மௌனமாகவே எடுத்துக்கொள்ளப்படும். விளக்கம் சொல்லும் சுமை உரிமையாளர் மேல் விழும்.

பல நாள் கடலில் தங்கித் தொழில் செய்யும் ஒரு தங்கல் படகின் டிரைவர் இப்படித்தான் என்னைத் தேடி வந்தார். "அண்ணே, ராத்திரி ரெண்டு மணில இருந்து மூணு மணி வரைக்கும் எங்க போனீங்கன்னு கேக்குறாங்க. நாங்க வலை வாங்கிக்கினு தான இருந்தோம், எங்க போவோம்?" என்றார். வலை வாங்குவது என்றால் கடலில் விட்ட வலையை இழுத்துப் படகில் ஏற்றுவது. அவர் சொன்ன அந்த வார்த்தையிலேயே விடை இருந்தது. படகுக்குப் போய் மீட்டரை வைத்துப் பார்த்தேன். பேட்டரி முனையில் 12.4 வோல்ட், கருவியின் முனையில் 12.2 வோல்ட். குறை சொல்ல ஒன்றுமில்லை. "வலை வாங்கும்போது என்னென்ன எரியுமோ அத்தனையும் போடுங்க" என்றேன். பின்தளத்து ஃபோகஸ் விளக்குகள் நான்கும் எரிந்தவுடன் கருவியின் முனையில் 9.6 வோல்ட் ஆனது. அந்தக் கருவியோ 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும் வகை. விளக்குகளும் கருவியும் ஒரே வயரிலிருந்து எடுக்கப்பட்டிருந்தன. அந்த வயர் தொடங்கும் ஃபியூஸ் ஹோல்டரைத் திறந்தால், பித்தளை முழுவதும் பச்சைக் களிம்பு. ஃபியூஸைத் தொட்டால் சுட்டது. வலை ஏறி விளக்கு அணைந்ததும் வோல்ட் திரும்பிவிடும், கருவியும் உயிர் பெற்றுவிடும். ஆகையால் கரைக்கு வந்து பார்க்கும்போதெல்லாம் அது நன்றாகவே இருந்திருக்கிறது. ஹோல்டரை மாற்றி, கருவிக்குத் தனி வயர் இழுத்ததற்கு அரை நாள் கூட ஆகவில்லை. அவர்கள் விளக்கம் எழுதிக் கொடுக்க அலைந்தது மூன்று நாள்.

வயரின் தடிமன் பற்றி இங்கே கொஞ்சம் கணக்குப் பார்ப்பது பயன்படும். வீட்டு ஒயரிங்குக்கு வாங்கும் 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயருக்குக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 18 ஓம் மின்தடை உண்டு. இன்ஜின் அறையிலிருந்து, படகை ஓட்டும் அறையான வீல் ஹவுஸின் கூரை வரை 12 மீட்டர் என்றால், போக வர 24 மீட்டர், மின்தடை 0.43 ஓம். வயர்லெஸ்ஸில் பேச பட்டனை அமுக்கும்போது 5 ஆம்பியர் ஓடினால் 2 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். அதே தூரத்துக்கு 4 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் இழப்பு அரை வோல்ட்தான். டிரான்ஸ்பாண்டர் தானாக இழுப்பது மிகக் குறைவு. ஆனால் வயர்லெஸ்ஸோடு ஒரே வயரைப் பகிர்ந்தால் வயர்லெஸ்ஸின் பசிக்கு அதுவும் சேர்ந்து பட்டினி கிடக்கும். முடிந்தால் ஈயம் பூசிய செம்பு வயரையே வாங்க வேண்டும். சாதாரண வயரின் வெட்டு முனையில் ஈரம் ஏறினால் உறைக்குள்ளேயே ஒரு சாண் நீளத்துக்குக் கறுத்துப்போவதை நான் பலமுறை உரித்துக் காட்டியிருக்கிறேன்.

இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் நொடியில் பேட்டரி வோல்ட் சரிவதும் இன்னொரு தொல்லை. பழைய பேட்டரி என்றால் 9 வோல்ட்டுக்கும் கீழே போகும். கருவி அணைந்து, மறுபடி எழுந்து, செயற்கைக்கோளைத் தேடிக்கொண்டிருக்கும். கருவிக்கென்று சிறியதொரு பேட்டரியைத் தனியாக வைத்து, ஆல்டர்னேட்டரிலிருந்து, மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடு வழியாக அதை நிரப்பிக்கொள்வதே நான் எப்போதும் சொல்லும் வழி. அரை ஆம்பியர் இழுக்கும் கருவிக்கு ஒரு நாளைக்கு 12 ஆம்பியர் மணி போதும். 40 ஆம்பியர் மணி பேட்டரியைப் பாதிக்கு மேல் வற்றவிடாமல் பயன்படுத்தினாலும், இன்ஜின் நின்று படகு காற்றுவாக்கில் போகும் நிலையில் ஒன்றரை நாள் தாங்கும். கருவி மிகவும் தேவைப்படுவது அந்த ஒன்றரை நாளில்தான்.

தடைக்காலத்தில் நேரும் ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாட்களில் விசைப்படகுகள் கரையேறி மராமத்து நடக்கும். பெயின்ட் அடிப்பவர் நல்ல மனதோடு வீல் ஹவுஸ் கூரையை முழுவதும் அடிப்பார். கூரைமேல் இருக்கும், கருவியின் ஆன்டெனாவான வெள்ளைக் குமிழையும் சேர்த்தே அடிப்பார். அது வெள்ளிப் பெயின்ட்டாக இருந்துவிட்டால் கதை முடிந்தது. அலுமினியத் தூள் கலந்த அந்தப் பூச்சு சிக்னலை மறைத்துவிடும். கருவியில் விளக்கு எரியும், செய்தி மட்டும் வானத்துக்குப் போகாது. தின்னரால் துடைத்தால் குமிழின் பிளாஸ்டிக் வெடித்து நீர் புகும். பெயின்ட் அடிக்கும் முன் அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக் கட்டிவிட்டால் போதும், அடித்து முடித்ததும் அவிழ்க்க மறக்கக் கூடாது. கடலிலும் அந்தக் குமிழின்மேல் வலையையோ தார்ப்பாயையோ துணியையோ போடாமல் இருக்க வேண்டும்.

மலிவான எல்இடி விளக்குகள் செய்யும் கெடுதல் கண்ணுக்குத் தெரிவதில்லை. மீனைக் கவர வெளிச்சம் பாய்ச்சும் எல்இடி மீன்பிடிப்புக்குப் புதிய விதிகளில் தடை இருப்பது எல்லாருக்கும் தெரியும். நான் சொல்வது தளத்தில் வேலை செய்யப் போடும் சாதாரண விளக்கை. அதற்குள் இருக்கும் தரமற்ற மின்சுற்று வானொலி அலைகளில் இரைச்சலைக் கிளப்பும். ஏஐஎஸ் இயங்கும் 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளும், அவசர அழைப்புக்கான 16ஆம் சேனலும் அந்த இரைச்சலில் அமுங்கிவிடும். இதைக் கண்டுபிடிக்க டெக்னீஷியன் தேவையில்லை. வயர்லெஸ்ஸை 16ஆம் சேனலில் வைத்து, இரைச்சலை அடக்கும் ஸ்கெல்ச்சைத் திறந்து, விளக்குகளை ஒவ்வொன்றாகப் போட வேண்டும். எந்த விளக்குக்கு ஒலி மாறுகிறதோ அதுதான் குற்றவாளி.

ஏஐஎஸ்ஸும் புதிய டிரான்ஸ்பாண்டரும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். அதனால் வரும் பயம்தான் என்னிடம் அதிகம் பேசப்படுகிறது. "நம்ம பாரு எங்க இருக்குன்னு ஊருக்கே தெரிஞ்சிடுமே" என்று ஒரு பெரியவர் கேட்டார். பாரு என்பது கடலடியில் மீன் கூடும் பாறை இடம்; தலைமுறையாகக் காத்துவந்த அந்த இடத்தை நாலு பேர் அறிந்தால் பிழைப்பு போய்விடும் என்ற அவருடைய அச்சத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. 20 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள படகுகளுக்குக் கட்டாயமான ஏஐஎஸ் ஒரு திறந்த ஒலிபரப்பு; சுற்றியுள்ள எந்தக் கப்பலும் படகும் அதை வாங்கலாம். டிரான்ஸ்பாண்டரின் செய்தி செயற்கைக்கோள் வழியாக அரசின் கட்டுப்பாட்டு மையத்துக்குப் போகிறது. பக்கத்துப் படகின் திரைக்கு வராது. ஆனாலும் ஏஐஎஸ்ஸை அணைத்து வைக்கும்படி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். சென்னை, காமராஜர், காட்டுப்பள்ளி ஆகிய மூன்று துறைமுகங்களுக்கு வந்துபோகும் கப்பல்களுக்கு நடுவேதான் நம் படகுகள் கடக்க வேண்டியிருக்கிறது. அதே சமயம் கருவி இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொள்ளவும் முடியாது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு வெளியே மோதிக்கொண்ட இரண்டு பெரிய கப்பல்களிலும் ஏஐஎஸ் இல்லாமல் இல்லை.

மின்சாரத்துக்கு அடுத்தபடி கெட்டுப்போவது காகிதம். ஏஐஎஸ் கருவிக்குள் பதியப்படும் எம்எம்எஸ்ஐ என்ற ஒன்பது இலக்க எண் இந்தியாவுக்கு 419 என்று தொடங்கும். படகு கைமாறும்போது இன்ஜின், வலை, ஐஸ் பெட்டி எல்லாவற்றுக்கும் விலை பேசுவார்கள். இந்த எண்ணின் பதிவில் உரிமையாளர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் மாற்ற எவருக்கும் நினைவு வராது. வாங்கிய படகைக் கழுவும்போது பையன் ஒருவன் ஆபத்துப் பட்டனைத் தெரியாமல் அமுக்கிவிட, விசாரிக்கும் அழைப்பு படகை விற்றுவிட்டு வேறு ஊரில் இருந்த பழைய உரிமையாளருக்குப் போனதை நான் அறிவேன். அன்றைக்குப் பொய் அபாயம், சிரித்துவிட்டார்கள். உண்மையான அபாயத்தில் அந்த அழைப்பு தவறான வீட்டில் மணி அடித்திருக்கும். பதிவுச் சான்று, காப்பீடு, ரியல்கிராஃப்ட், கருவியின் பதிவு ஆகிய நான்கிலும் படகின் எண்ணும் உரிமையாளர் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒரே மேசையில் பரப்பி வைத்துப் பார்க்க வேண்டும்.

வெளிநாடுகளில் மின்னணுக் கண்காணிப்பு என்றால் கேமராவும் சேர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் விதிமீறல் வாய்ப்பு அதிகம் என்று வகைப்படுத்தப்பட்ட, 18 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள படகுகளுக்கு 2028 முதல் கேமரா கட்டாயம். நம் விதிகள் டிரான்ஸ்பாண்டரோடு நிற்கின்றன. இருந்தாலும் ஏற்றுமதிக்குப் போகும் மீனை எந்தப் படகு எங்கே பிடித்தது என்ற கேள்வி வாங்குபவர் பக்கத்திலிருந்து முன்பே வந்துவிட்டது. அறுபடாத தடம் வைத்திருக்கும் படகுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தயாராக இருக்கும்.

வீல் ஹவுஸில் ஒரு நோட்டும் பென்சிலும் கட்டித் தொங்கவிடும்படி ஒவ்வொரு டிரைவரிடமும் சொல்கிறேன். கருவியின் விளக்கு அணைந்தால் தேதி, நேரம், ஜிபிஎஸ் காட்டும் இடம், அப்போது செய்துகொண்டிருந்த வேலை, 16ஆம் சேனலில் யாருக்குச் சொன்னோம் என்ற ஐந்தையும் அந்த நேரத்திலேயே எழுதிவிட வேண்டும். கரைக்கு வந்து நினைவிலிருந்து எழுதும் விளக்கத்தைவிட, மீன் செதிலும் ஈரமும் ஒட்டிய அந்தப் பக்கத்தைக் காட்டுவது எளிது. கடலோரக் காவல்படையின் 1554 எண்ணை அதே நோட்டின் அட்டையில் எழுதி வைக்கலாம்.

ஐஸ் ஏற்றும் முன் ஓர் இரவு படகைத் துறைமுகத்திலேயே வைத்துச் சோதித்துவிடுவது நல்லது. இன்ஜினை மூன்று முறை நிறுத்தி ஸ்டார்ட் செய்து, எல்லா விளக்கையும் போட்டு, வயர்லெஸ்ஸில் தொடர்ந்து அரை நிமிடம் பேசி, அந்த நேரமெல்லாம் ஒருவர் கருவியின் முனையில் மீட்டரை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். பிறகு இன்ஜினை அணைத்துவிட்டுப் போய்த் தூங்கலாம். காலையில் வந்து பார்க்கும்போது கருவியின் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் ஐஸுக்குச் சொல்லி அனுப்பலாம்.