எலும்பு வைக்க வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்

சென்ற வியாழக்கிழமை காலை பத்தரை மணி. பல் கட்டுவதற்கு முன்பாக, எலும்பு குறைந்துபோன கீழ்த்தாடையில் எலும்பு வைத்துக்கொள்ள, அதாவது போன் கிராஃப்ட் செய்துகொள்ள, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வந்திருந்தார். மரத்துப்போகும் ஊசியை எடுத்துக்கொண்டு திரும்பினால், அவருடைய மேலுதட்டில் முத்து முத்தாக வியர்வை. ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. பயம்தான் என்று நினைத்துக் கையைப் பிடித்தேன். சில்லிட்டுப் போயிருந்த விரல்கள் நடுங்கின. குளுக்கோமீட்டர் 54 என்று காட்டியது.

“காலையில் என்ன சாப்பிட்டீர்கள், அம்மா?”

“ஆபரேஷன் ஆயிற்றே, டாக்டர். நேற்று இரவிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.”

“சுகர் மாத்திரை?”

“அதை ஆறு மணிக்கே போட்டுவிட்டேன்.”

குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்து, முக்கால் மணி நேரம் உட்காரவைத்து, சர்க்கரை ஏறியதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினேன். இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். தேதி கொடுக்கும்போது வாயால் சொல்கிறோம், சீட்டிலும் அச்சடித்துத் தருகிறோம். ஆனால் வீட்டுக்கு வீடு ஒரு பெரியப்பா இருக்கிறார். “கத்தி வைக்கிறார்கள் என்றால் வெறும் வயிற்றோடுதான் போக வேண்டும்” என்று அவர் சொன்னால் அதற்கு அப்பீல் கிடையாது.

ஆகவே இன்னொரு முறை. பட்டினி கேட்பது முழு மயக்கத்துக்கு. நினைவில்லாமல் கிடக்கும்போது வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கிவிடக்கூடும்; அந்தப் பயத்தால்தான் பட்டினி போடுகிறார்கள். எங்களிடம் நடக்கிற போன் கிராஃப்ட் பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்துச் செய்வது. நீங்கள் விழித்திருப்பீர்கள், வெளியே யார் இருமுகிறார் என்பதுகூடக் கேட்கும். விழுங்கவும் முடியும், இருமவும் முடியும். பிறகு எதற்குப் பட்டினி? இது கோயில் விரதம் இல்லை. வழக்கமாகச் சாப்பிடுகிற இட்லியைச் சாப்பிடுங்கள், வழக்கமான மாத்திரையைப் போடுங்கள். மயக்க மருந்து தருவதாக இருந்தால் எத்தனை மணி நேரம் சாப்பிடக் கூடாது, அன்று சுகர் மாத்திரையை என்ன செய்வது என்பதையெல்லாம் தனியாக எழுதித் தருவோம். எழுதித் தராவிட்டால் சாப்பிடலாம் என்று பொருள்.

அடுத்தது ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரை. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள், எனக்கு உதவி செய்வதாக நினைத்து அதை ஐந்து நாள் முன்பே நிறுத்திவிட்டு வருகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வாயில் கசியும் ரத்தத்தைப் பஞ்சாலும் தையலாலும் நிறுத்திவிடுவேன். ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் என் நாற்காலியில் அதற்கு மருந்தில்லை. நிறுத்த வேண்டுமா என்று உங்கள் இதய மருத்துவரிடம் நானே கேட்டுக்கொள்கிறேன்.

நாங்கள் தரும் படிவத்தில் “வேறு மருந்து ஏதாவது?” என்ற கட்டத்தில் பாதிப் பேர் ‘இல்லை’ என்று எழுதுகிறார்கள். கேட்டால், சுகர் மாத்திரை மருந்துக் கணக்கில் வராதாம். எலும்புத் தேய்மானத்துக்கான ஊசியை யாருமே சொல்வதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை டிரிப்பாக ஏறும் சோலெட்ரோனிக் அமிலம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப், வாரம் ஒன்றாக விழுங்கும் அலென்ட்ரோனேட் எல்லாம் வீட்டில் ‘கால்சியம்’ என்ற ஒரே பெயருக்குள் அடங்கிவிடுகின்றன. இத்தகைய மருந்துகளைப் பெற்றவர்களில் சிலருக்குத் தாடைப் புண் ஆறாமல் எலும்பு வெளியே தெரிவதை 2003-இலிருந்து மருத்துவ இதழ்கள் எழுதிவருகின்றன. தேய்மானத்துக்குப் போடும் அளவில் இது அரிது, புற்றுநோய்க்குப் போடும் அளவில் அவ்வளவு அரிதில்லை. இதைப் படித்துவிட்டு ஊசியை நீங்களாகவே தள்ளிப்போடாதீர்கள். டெனோசுமாபை நிறுத்தியதால் முதுகெலும்பு நொறுங்கிய நோயாளிகள் உண்டு. பட்டியல் எழுத வேண்டாம், மாத்திரை அட்டைகளையும் ஊசிச் சீட்டையும் ஒரு பையில் போட்டு அப்படியே கொண்டுவாருங்கள்.

மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) எட்டு சதவீதத்துக்கு மேல் இருந்தால் நான் தேதி தருவதில்லை. கோபித்துக்கொண்டு வேறு இடம் போனவர்களும் இருக்கிறார்கள். சிகரெட், பீடி, புகையிலை எல்லாவற்றையும் சில வாரங்கள் முன்பே விட வேண்டும், புண் ஆறும்வரை தொடக் கூடாது. “இன்று காலையிலிருந்து பிடிக்கவில்லை, சார்” என்பது கணக்கில் சேராது. ஈறு வீங்கியிருந்தால் முதலில் பல் சுத்தம், பிறகுதான் எலும்பு. கழற்றி மாட்டும் பல் செட் வைத்திருப்பவர்கள் அதையும் எடுத்துவாருங்கள். எலும்பு வைத்த இடத்தை அந்த செட் அழுத்தினால் எலும்பு நிற்காது, உள்பக்கத்தைத் தேய்த்துத் தர வேண்டியிருக்கும்.

கடைசியாக, யாரும் முதல் நாளில் கேட்காத கேள்வி ஒன்று. நாங்கள் வைப்பது பார்வைக்கு வெள்ளை ரவை போலிருக்கும். உங்கள் ரத்தத்தில் குழைத்து வைப்போம். அது கட்டடத்துக்குக் கட்டும் சாரம் போன்றது மட்டுமே, அதைப் பற்றிக்கொண்டு உங்கள் எலும்பு வளர நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். அந்த ரவை பல நேரங்களில் மாட்டு எலும்பிலிருந்து பதப்படுத்தியது. மனித எலும்பு வங்கியிலிருந்து வருவதும், ஆய்வகத்தில் செயற்கையாகச் செய்வதும் உண்டு. சைவமா, எந்த விலங்கு என்று கேட்பது உங்கள் உரிமை, அதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் ஈறைக் கீறிவிட்டுக் குப்பியைத் திறந்த பிறகு கேட்காதீர்கள். திறந்த குப்பியை இன்னொருவருக்குப் பயன்படுத்த முடியாது. அதன் விலை உங்கள் பில்லில்தான் ஏறும்.