மின்னேற்ற வரம்பு

போனின் அமைப்புகளில் பேட்டரி பக்கத்தைத் திறந்தால் ‘சார்ஜிங் லிமிட்’ என்று ஒரு வசதி இருக்கும். ஐபோனில் 2023-இல் வந்த 15 வரிசையிலிருந்து உண்டு. ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றிலும் உண்டு. அதை 80-இல் வைத்தால், 80 சதவீதத்தோடு சார்ஜ் ஏறுவது நின்றுவிடும்.

தமிழில் இதை மின்னேற்ற வரம்பு எனலாம். சார்ஜ் என்ற சொல்லின் வேர், பிற்கால லத்தீனில் வண்டியில் பாரம் ஏற்றுவதைக் குறித்த ‘கர்ரிகாரே’. துப்பாக்கியில் மருந்து கெட்டிப்பதற்கும் அதே சொல் வழங்கியது. 18-ஆம் நூற்றாண்டில் கண்ணாடி ஜாடிகளில் மின்சாரத்தைச் சேர்த்து வைத்தவர்கள் அதையே எடுத்துக்கொண்டார்கள். நாமும் ‘சார்ஜ் ஏறுது’ என்றுதானே பேசுகிறோம்! லிமிட்டுக்கு மூலமான ‘லீமெஸ்’ நிலங்களுக்கு இடையிலான எல்லை. நம் வரம்பும் வயல் வரப்புதான்; இலங்கைத் தமிழர் வரப்பை இன்றும் வரம்பு என்றே சொல்கிறார்கள். மின்னூட்டம் என்றும் சிலர் எழுதுவதுண்டு. ஆனால் பாடநூல்களில் அது கூலூம் என்ற அலகில் அளக்கும் மின் அளவுக்குப் பெயராகிவிட்டதால், சார்ஜ் போடும் செயலுக்கு மின்னேற்றமே குழப்பமில்லாதது.

சரி, வரம்பு வைத்தால் பேட்டரி உண்மையிலேயே நீடிக்குமா? நீடிக்கும். லித்தியம் அயனி பேட்டரி நிரம்ப நிரம்ப அதன் மின்னழுத்தமும் உயரும். பாதியில் ஏறக்குறைய 3.8 வோல்ட், முழுதாக நிரம்பும்போது 4.2-ஐத் தொடும், புதிய போன்களில் அதையும் தாண்டும். அந்த உச்சத்தில் உள்ளிருக்கும் மின்பகுளி (அயனிகள் நகர்ந்து செல்லும் திரவம்) நேர்மின்முனையருகே மெல்லச் சிதைகிறது. சூடும் சேர்ந்தால் சிதைவு வேகமெடுக்கும். 80-இல் நிறுத்தும்போது இந்த உச்சத்துக்கே அது போவதில்லை.

பலன் அதிகம் கிடைப்பது இரவெல்லாம் சார்ஜரிலேயே போனை விட்டுவைப்பவர்களுக்கும், மேசையில் செருகியபடியே வேலை பார்ப்பவர்களுக்கும்தான். நாள் முழுக்க வெளியில் அலைபவர் வரம்பு வைக்க வேண்டாம் என்பேன். கொள்ளளவு 80 சதவீதமாகக் குறைந்துவிட்டால் பேட்டரி தேய்ந்துவிட்டது என்பது வழக்கம். சில வருடம் கழித்து வரப்போகிற அந்தக் குறையை அவர் இன்றைக்கே ஏற்றுக்கொள்வானேன்? காலையில் 100 வரை ஏற்றிக்கொண்டு உடனே கிளம்பினால் உச்சத்தில் கிடக்கும் நேரம் கொஞ்சம்தான். அப்புறம், தலையணைக்கடியில் போனை வைத்து சார்ஜ் போடுவதையும், வெயிலில் நிற்கும் காருக்குள் அதை விட்டுப் போவதையும் எல்லோருமே நிறுத்த வேண்டும். 80-இல் நிறுத்தியிருந்தாலும் சூடு பேட்டரியைத் தின்னும்.