ஸ்கேல்: ஏணியா, தராசா, கோலா?

சின்னம்மா மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறவர். தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்று கிளினிக்குக் கூட்டிப் போனேன். தாதி ஒரு தாளைக் கொடுத்தார். மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்கும் ஒன்பது கேள்வி, மலாயில். நான்தான் தமிழில் கேட்டேன். "அப்பப்போ தூக்கம் வரலையா?" "ஆமா, அப்பப்போதான்." கூட்டினால் 8. ஸ்கேல்படி பத்துக்குக் கீழே, எதற்கும் மூன்று வாரம் கழித்து வாருங்கள் என்றார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த 'ஸ்கேல்' என்ற சொல் மனதைவிட்டுப் போகவில்லை.

ஆங்கிலத்தில் அது இரண்டு சொல். தராசைக் குறிக்கும் ஸ்கேல், பழைய நார்ஸ் மொழியில் கிண்ணத்துக்கு இருந்த சொல்லிலிருந்து வந்தது. தராசுத் தட்டுதான் அந்தக் கிண்ணம். படிப்படியாக அளக்கும் ஸ்கேல், லத்தீனின் 'ஸ்காலா'. அதற்கு ஏணி என்று பொருள். மலாயில் சொல்லும் 'ஸ்காலா'வும் அதே குடும்பம். மனநலத் தாளில் இருப்பது இந்த ஏணி. நாமோ தராசு என்று நினைத்துக்கொள்கிறோம். உள்ளே இருப்பதை நிறுத்துச் சொல்லிவிட்டார்கள் என்று நம்புகிறோம். ஏணிக்குப் படி வைத்தது யார், எந்தப் படியில் கோடு போட்டார்கள் என்று கேட்பதில்லை.

பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. ஒரே வாளிப் பால். லிட்டரில் அளந்தால் ஒரு கணக்கு, மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியை விட்டு அதில் ரப்பர் எவ்வளவு என்று பார்த்தால் வேறு கணக்கு.

நாட்டுக்கும் அப்படித்தான். 2015 தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 29.2 விழுக்காட்டினருக்கு மனநலச் சிக்கல் என்று வந்தது. 2019இல் மனச்சோர்வு 2.3 விழுக்காடு. நான்கு வருடத்தில் நாடே குணமாகிவிட்டதா? முதலில் வைத்த கோல் ஜி.எச்.கியூ. 12 என்ற கேள்வித்தாள், பொதுவான மன உளைச்சலைத் துழாவுவது. பிறகு வைத்தது பி.எச்.கியூ. 9, சின்னம்மாவுக்குக் கொடுத்த அதே ஒன்பது கேள்வித் தாள், மனச்சோர்வு ஒன்றை மட்டும் தேடுவது, 27க்கு 10 வந்தால் கணக்கில் சேர்ப்பது. முன்னது 'வழக்கத்தைவிட எப்படி' என்று கேட்கும். வருடக்கணக்காகத் தூங்காதவர் 'வழக்கம்போலத்தான்' என்றால் அதற்குப் புள்ளி விழாது! பின்னது, இரண்டு வாரத்தில் எத்தனை நாள் என்று கேட்கும். நெஞ்சை அடைக்குது, தலை பாரமா இருக்கு என்று நம் பெண்கள் வாய்விட்டுச் சொல்வதற்கு அந்த ஒன்பதில் தனிக் கேள்வி கிடையாது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'அளவுகோல்' என்று ஏற்கெனவே நல்ல சொல் இருக்கிறது, அதையே வைத்துக்கொள்ளலாம். தச்சரின் முழக்கோல் மாதிரி, கோல் என்பது வெளியிலிருந்து கொண்டுபோய் வைப்பது. வைத்த இடத்தை மட்டும்தான் அளக்கும். இந்தப் பொருள் ஸ்கேலில்கூட இவ்வளவு தெளிவாக இல்லை. அந்தப் பத்து மாதிரி கோடு போடும் எண்ணுக்கு ஆங்கிலத்தில் 'கட் ஆஃப்'. அதை 'வெட்டுப்புள்ளி' என்று எழுதுகிறார்கள், எனக்கு ஒப்பவில்லை. 'வரம்பெண்' என்றால் போதும். வயலுக்கு வரம்பு மனிதர் போட்டது, வேண்டுமானால் தள்ளியும் போடலாம்.

மூன்று வாரம் கழித்துப் போனபோது அதே தாள், அதே நாற்காலி. இந்தத் தடவை 'அப்பப்போ'வை விட்டுவிட்டு, "போன பதினாலு ராத்திரியில எத்தனை ராத்திரி தூங்கல சின்னம்மா?" என்று கேட்டேன். விரல்விட்டு எண்ணினார். "பன்னண்டு இருக்கும்யா." மற்றக் கேள்விகளையும் அப்படியே கேட்டேன். கூட்டினால் 13. தாதி உடனே டாக்டரிடம் அனுப்பினார்.