ராஜினாமா கடிதத்துக்கு முன்னால் வீட்டில் பேசுங்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஆராதனைக்குப் பிரசங்கம் தயார் செய்துகொண்டிருந்தபோது, நான் ஆயராக இருக்கிற சேகரத்தை, அதாவது சபை வட்டாரத்தை, சேர்ந்த ஒரு தங்கை குருமனைக்கு, ஆயர் வீட்டுக்கு, வந்தார். கையில் பேங்க் நோட்டீஸ். "ஐயா, இவரு வேலையை விட்டு நாப்பத்தொரு நாள் ஆச்சாம். வீட்டுக்கடன் தவணை கட்டலைன்னு பேங்க்ல இருந்து வந்தப்புறம்தான் எனக்கே தெரியும். தினமும் சோறு கட்டிக் குடுத்தேன். டிபன் பாக்ஸைக்கூட கழுவித்தான் ஐயா கொண்டுவந்தாரு" என்றார். அதற்குமேல் பேச முடியவில்லை.

அந்த 41 நாளும் அவருடைய கணவர் கம்பெனிச் சட்டையோடு கிளம்பி, பக்கத்து ஊர் ஜெபவீட்டில் உட்கார்ந்துவிட்டு, ஷிப்ட் முடிகிற நேரத்துக்கு வீடு திரும்பியிருக்கிறார். வேலையை விட்டு முழுநேர ஊழியத்துக்கு, அதாவது சபைப் பணிக்கே, வரும்படி ஆண்டவர் அழைத்தார் என்பதுதான் காரணம். ஒரு வருடத்துக்குள் நான் பார்க்கிற மூன்றாவது குடும்பம் இது. இனியும் பேசாமல் இருந்தால் தப்பு.

மறுநாள் அவரை உட்காரவைத்துக் கேட்டேன். "சொன்னா தடை பண்ணுவா ஐயா. பேதுரு வலையை விட்டுட்டு உடனே போகலையா?" என்றார். மூன்று பேரும் சொல்லிவைத்த மாதிரி இதே வசனத்தைத்தான் சொன்னார்கள்.

சரி, அந்த அதிகாரத்தை முழுசாகப் படியுங்கள். மாற்கு முதலாம் அதிகாரம். பேதுருவைப் போலவே அழைக்கப்பட்ட யாக்கோபும் யோவானும் தகப்பனைப் படகில் விட்டுப் போனார்கள், யாரோடு விட்டார்கள்? கூலியாட்களோடு. படகும் இருந்தது, வேலை பார்க்க ஆளும் இருந்தது. இன்னும் கொஞ்சம் கீழே வாருங்கள். ஜெப ஆலயத்தை விட்டு ஆண்டவர் நேராகப் போனது பேதுருவின் வீட்டுக்கு. அங்கே பேதுருவின் மாமியார் ஜுரமாய்க் கிடந்தாள்; கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். அழைத்தவரே அந்த வீட்டுப் படி ஏறி, நோயாளியை விசாரித்திருக்கிறார். பிற்பாடு பேதுரு ஊழியத்துக்குப் போன இடமெல்லாம் மனைவியையும் கூட்டிப்போனார் என்பது 1 கொரிந்தியர் 9:5-ல் இருக்கிறது. மனைவிக்குத் தெரியாமல் போன பேதுரு வேதத்தில் இல்லை.

தீர்க்கதரிசியாக அழைக்கப்பட்ட எலிசா பன்னிரண்டு ஏர் பூட்டி உழுதவன். தகப்பனையும் தாயையும் முத்தமிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, மாட்டை அடித்து, ஏர் மரத்தை விறகாக்கிச் சமைத்து, ஜனங்களுக்குச் சாப்பாடு போட்டுவிட்டுப் போனான். ஊரறிய விடைபெறுவது அதுதான். மோசேயிடம் எரிகிற முட்செடியில் தேவனே பேசினார். அதற்குப் பிறகும் அவன் மாமனார் எத்திரோவிடம் உத்தரவு கேட்டுத்தான் எகிப்துக்குக் கிளம்பினான். பவுல் கொரிந்துவில் கூடாரம் பண்ணிப் பிழைத்தார். அதனால் அவருடைய ஊழியம் அரைநேர ஊழியம் ஆகிவிட்டதா?

பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் "கொர்பான்", அதாவது இது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தப்பித்தவர்களை இயேசு எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்று மாற்கு ஏழில் படியுங்கள். 2 இராஜாக்கள் 4-ஐயும் படியுங்கள். தீர்க்கதரிசிகளின் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவன், கர்த்தருக்குப் பயந்தவன், கடனை வைத்துவிட்டுச் செத்துப்போனான். கடன்காரன் அவனுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமையாக்க வந்து நின்றான். அந்த விதவையின் அழுகையைக் கேட்டுவிட்டு யாராவது "கடன் இருக்கட்டும், விசுவாசம் போதும்" என்று சொல்லுங்கள் பார்க்கலாம்.

இதைச் சொல்வதால் நான் அழைப்பை நம்பாதவன் என்று நினைக்க வேண்டாம். நானும் கூட்டுறவுச் சங்கத்தில் ஏழு வருடம் கணக்கு எழுதிவிட்டு வேலையை விட்டு வந்தவன்தான். தங்கச்சி கல்யாணக் கடன் தீரும்வரை காத்திருந்தேன். அந்த இரண்டு வருடத்தில் அழைப்பு ஆறிப்போகவில்லை. 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தை நம் முன்னோர் தொடங்கியபோதும், ஆளை அனுப்புவதும் அவரைத் தாங்குவதும் சபையின் பொறுப்பு என்றுதான் நினைத்தார்கள். இன்றைக்கு மேடையில் நின்று, "வேலையை விட்டு வர ஆயத்தமா? கையை உயர்த்துங்கள்" என்று கேட்கிற சகோதரர்களே, அந்தக் கைக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது. அடுத்த மாத வாடகைக்கு நீங்கள் வரப்போவதில்லை.

அப்புறம், ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் நான் கேட்கிற உலகக் காரியங்கள். பி.எப். பென்ஷன் மாதாமாதம் கிடைக்கப் பத்து வருட சர்வீஸ் வேண்டும். இந்தத் தம்பி விட்டது ஒன்பது வருடம் இரண்டு மாதத்தில். பென்ஷன் பணத்தை அவசரப்பட்டு எடுத்துவிடாதீர்கள். ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கி வைத்தால் அடுத்த வேலையில் அந்த சர்வீஸ் சேர்ந்துகொள்ளும். கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடைக்குப் பொதுவாக ஐந்து வருடக் கணக்கு, தேதியைப் பாருங்கள். கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும். அவருடைய மகளுக்கு வீசிங்; புதிதாகப் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு மூன்று வருடம்வரைகூடக் காத்திருக்கச் சொல்லலாம். அதே காப்பீட்டு நிறுவனத்தில் சொந்தப் பாலிசியாக மாற்றிக்கொள்ள வழி உண்டா என்று, ராஜினாமாவுக்கு முன்பே கேளுங்கள். மனைவியின் நகையை அடகு வைத்து ஊழியம் தொடங்காதீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

மனைவி சம்மதிக்கவில்லையா? பொறுங்கள். அவருடைய தயக்கத்தைச் சாத்தானின் தடை என்று சொல்லாதீர்கள். பள்ளிக்கூட பீஸ் எப்போது கட்ட வேண்டும், அரிசி எத்தனை நாளைக்கு வரும் என்று தெரிந்தவர் அவர். அவர் கேட்கிற கேள்வியிலும் ஆண்டவர் பேசுவார்.

அந்தத் தம்பி இப்போது வேறொரு கம்பெனியில், மூவாயிரம் குறைந்த சம்பளத்துக்குப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறார், நன்றாகவே எடுக்கிறார். வீட்டில் பேச்சு இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. கடனைவிட, தான் கட்டிக்கொடுக்க அவர் பொய்யாய்க் கொண்டுபோன அந்த 41 டிபன் பாக்ஸ்தான் அந்தத் தங்கைக்குத் தாங்கவில்லை.

உங்களுக்கும் மனதில் அழைப்பு ஓடிக்கொண்டிருந்தால், உங்கள் ஆயரிடம் போங்கள். எங்கள் குருமனைக் கதவு இரவு ஒன்பது மணிவரை திறந்துதான் இருக்கும். இரண்டு பேராக வாருங்கள்.