3500 சொல் மனப்பாடம், ஒரு வாக்கியம் எழுத வரவில்லை

குளிர்கால விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததிலிருந்து என்னைத் தேடி வரும் பெற்றோர் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "லாவ்ஷி, இந்த வேர்டு புக்கை முடித்துவிட்டாள். அடுத்து எதை வாங்கலாம்?" லாவ்ஷி என்றால் ஆசிரியர். போன வாரம் வந்த ஓர் அம்மா 6000 சொல் உள்ள புத்தகத்தைக் கையோடு வாங்கியே வந்துவிட்டார். அவரை அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்ததும் இதை எழுதத் தொடங்கினேன்.

நான் ஆங்கிலம் கற்பிப்பது சீனாவின் செஜியாங் மாகாணத்தில், ஹாங்சோ நகரில். காவ்காவ் எனப்படும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் மொத்தம் 750 மதிப்பெண், அதில் ஆங்கிலத்துக்கு 150. எங்கள் மாகாணத்தில் ஆங்கிலத் தாளை ஜனவரியில் ஒரு தடவையும் ஜூனில் ஒரு தடவையும் எழுதலாம். எதில் கூடுதலோ அது கணக்கில் சேரும். அந்த அம்மாவின் மகளுக்கு ஜனவரியில் எதிர்பார்த்த மதிப்பெண் வரவில்லை. சொல் போதவில்லை, இன்னும் சொல் ஏற்று என்பதுதான் வீட்டில் எடுத்த முடிவு.

அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். சோம்பேறி என்று யாரும் சொல்ல முடியாது. காலை வாசிப்பு நேரத்தில் வகுப்பே எழுந்து நின்று சொல் பட்டியலைக் கத்திப் படிக்கும்போது அவள் குரல் தனியாகக் கேட்கும். அவளுடைய நோட்டைப் பார்த்தேன். இடது பக்கம் ஆங்கிலச் சொல், வலது பக்கம் சீனப் பொருள், வரிசை தப்பாமல் அழகான கையெழுத்து. வலது பக்கத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு மளமளவென்று பொருள் சொன்னாள். "சரி, இப்போது இடது பக்கத்தை மறை" என்றேன். சீனச் சொல்லைப் பார்த்து ஆங்கிலம் சொல்ல வேண்டும். பத்தாவது சொல்லிலேயே தடுமாறினாள். அப்புறம் அபேண்டன், அதாவது கைவிடு, என்ற சொல்லை வைத்து ஒரு வாக்கியம் கேட்டேன். அகர வரிசையில் அச்சிட்ட வேர்டு புக்குகள் பலவற்றில் முதல் பக்கத்திலேயே நிற்கும் சொல் அது, இங்கே அதை அறியாத பிள்ளை கிடையாது. வெகுநேரம் யோசித்துவிட்டு, "ஐ அபேண்டன்ட் டு ஈட் சாக்லேட்" என்று எழுதினாள். சாக்லேட் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன் என்று சொல்ல வந்திருக்கிறாள். சீனப் பொருள் சரி. ஆனால் அந்த இடத்தில் வர வேண்டியது கிவ் அப், அதற்குப் பின்னால் ஈட்டிங். அபேண்டன் அங்கே பொருந்தாது என்றோ, அதற்குப் பின்னால் டு போட முடியாது என்றோ அவளுடைய நோட்டு அவளுக்குச் சொல்லித்தரவே இல்லை.

இந்த இடத்தில்தான் எனக்குப் பொறுமை போகிறது. ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு நேரே ஒரு சீனச் சொல்லை எழுதி, அதை ஒப்பித்துவிட்டால் அந்தச் சொல் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். பிள்ளைகள், பெற்றோர், பல பள்ளி ஆசிரியர்கள் எல்லோருமே. மேல்நிலைப் பள்ளி முடியும்போது பாடத்திட்டம் எதிர்பார்ப்பது ஏறக்குறைய 3000 சொற்கள். 3500 என்ற பழைய எண்தான் இன்னும் புத்தக அட்டைகளில் இருக்கிறது. அந்த எண்ணை எட்டிவிட்டால் தாள் தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கையை முதலில் விட வேண்டும்.

சஜஸ்ட் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பொருள் கேட்டால் வகுப்பில் அத்தனை பேரும் சொல்வார்கள். எழுதச் சொன்னால் பாதிப் பேர் "ஹீ சஜஸ்டட் மீ டு கோ" என்று தப்பாக எழுதுவார்கள். சீனத்தில் "என்னைப் போகும்படி ஆலோசனை சொன்னார்" என்ற அமைப்பு இயல்பானது, அதை அப்படியே ஆங்கிலச் சொல்லின் மேல் ஏற்றிவிடுகிறார்கள். மருந்தும் அப்படித்தான். சீனத்தில் மருந்தைச் சாப்பிடுவார்கள், தமிழிலும் சாப்பிடுகிறோம், ஆங்கிலத்தில் மட்டும் டேக் மெடிசின். விளக்கைத் திறப்பது சீன வழக்கு, அதனால் "ஓப்பன் தி லைட்" வருகிறது. ஒருவரை "வெல்கம் யூ டு கம் டு மை ஹோம்டவுன்" என்று அழைப்பதும் சீன வாக்கியத்தின் நிழல்தான். இதில் எந்தச் சொல்லுக்கும் பொருள் தெரியாமல் இல்லை. எந்தச் சொல் எதோடு சேரும், அதற்குப் பின்னால் என்ன வடிவம் வரும், எந்த இடத்தில் அது விறைப்பாக ஒலிக்கும் என்பதுதான் தெரியவில்லை. அதைப் பட்டியல் தராது. 3500ஐ 6000 ஆக்கினாலும் தராது. தப்பாகப் பயன்படுத்தும் சொற்களின் எண்ணிக்கைதான் கூடும்.

ஆப்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2021 ஜூலையில் 'இரட்டைக் குறைப்பு' கொள்கை வந்து, ஒன்பதாம் வகுப்பு வரை பள்ளிப் பாடங்களுக்கு லாப நோக்கில் டியூஷன் நடத்துவதற்குத் தடை விழுந்தது. அதன் பிறகு, என் கண்ணில் பட்டவரை, பெற்றோர் சொல் ஆப்களை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். படம் வரும், நாலு விடை வரும், சரியானதைத் தட்டினால் அடுத்த சொல். இத்தனை நாள் விடாமல் படித்தாள் என்று அம்மாக்கள் இங்கே எல்லோரும் பயன்படுத்தும் வீசாட் ஆப்பில் படம் போடுவார்கள். நாலில் ஒன்றை அடையாளம் காண்பதும், எதுவும் இல்லாத தாளில் அந்தச் சொல்லை மனத்திலிருந்து வரவழைப்பதும் வேறு வேறு வேலைகள். முதலாவதைச் செய்யச் செய்ய முதலாவதுதான் பழகும். ஆப் கூடாது என்று நான் சொல்லவில்லை. பஸ்ஸில் போகும்போது தட்டட்டும். அதைப் படிப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இலக்கணத்துக்கு வருகிறேன். காவ்காவ் தாளில் ஒரு பத்தியில் 10 இடங்களை வெறுமையாக விட்டு, பொருத்தமான வடிவத்தை நிரப்பச் சொல்வார்கள். 15 மதிப்பெண். என் மாணவர்கள் இதில் புலிகள். அடைப்புக்குறியில் கோ என்று இருந்தால், மேல் வரியில் யெஸ்டர்டே இருப்பதைக் கண்டுபிடித்து வென்ட் என்று எழுதிவிடுவார்கள். அதே பிள்ளை பக்கத்தைத் திருப்பிக் கடிதம் எழுதும்போது "யெஸ்டர்டே ஐ கோ டு தி டீ கார்டன்" என்று எழுதுகிறது. விதி தெரியாமலா? நிரப்பும் பயிற்சியில் இங்கே கவனி என்று கோடு போட்டுக் காட்டுகிறார்கள். சொந்த எழுத்தில் கோடு கிடையாது. ஆகவே கோடிட்ட இடம் நிரப்புவதை நூறு தாள் கூட்டினாலும் கட்டுரையில் காலம் சரியாகாது. கோடு இல்லாத இடத்தில்தான் பழக வேண்டும்.

இங்கே புதிதாக வரும் நம் தமிழ் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. நேற்று போகிறேன் என்று தமிழ்ப் பிள்ளை வாயில் வராது, ஏனென்றால் நம் வினைச்சொல்லிலேயே காலம் உட்கார்ந்திருக்கிறது. சீன வினைச்சொல் காலத்துக்கு வடிவம் மாறாது. நேற்று என்ற சொல் இருந்தால் போதும், வினை அப்படியே நிற்கும். அதனால் இந்தத் தவறைக் கவனக்குறைவு என்று திட்டாதீர்கள். பேச்சில் ஹீ, ஷீ மாறுவதும் அப்படியே. இரண்டுக்கும் அவர்கள் மொழியில் ஒரே ஒலிதான். ஆல்தோ என்று தொடங்கிவிட்டு நடுவில் பட் போடுவார்கள், பிகாஸ் போட்டுவிட்டு ஸோ போடுவார்கள். சீனத்தில் அவை ஜோடியாகத்தான் வரும். எ, ஆன், தி மூன்றும் அவர்களைப் படுத்துவது நமக்கே புரியும், நம் மொழியிலும் அவை இல்லையே.

இன்னொன்றை யாரும் கவனிப்பதில்லை. ஆங்கிலச் சொல்லின் மேல் சீன எழுத்தில் உச்சரிப்பை எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கம் கீழ் வகுப்பிலேயே தொற்றிவிடுகிறது. தேங்க் யூ என்பதைச் 'சான் கே யோ' என்று வரும் மூன்று எழுத்துகளால் குறிப்பார்கள். மாண்டரின் அசைகள் பெரும்பாலும் உயிரொலியிலோ, ன், ங் ஒலியிலோதான் முடியும். ஆங்கிலச் சொல்லின் கடைசியில் வரும் ட், ஸ் எல்லாம் அந்த எழுத்துக்குள் அடங்காமல் உதிர்ந்துபோகும். அல்லது நாம் பஸ்ஸு, புக்கு என்று உகரம் சேர்ப்பதுபோல அவர்களும் ஓர் உயிரைச் சேர்ப்பார்கள். ஒர்க்ட் என்பதில் கடைசி ட் காதில் விழாத பிள்ளைக்கு, எழுதும்போது அதைப் போட வேண்டும் என்று எப்படித் தோன்றும்? பன்மை ஸ் விடுபடுவதற்கும் இதில் பங்கு உண்டு. உச்சரிப்பு பேச்சுத் தேர்வுக்கு மட்டும்தான் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அந்தச் சீன எழுத்துகளை இன்றே அழித்துவிட்டு, ஒலிப்பதிவைக் கேட்டு, கடைசி ஒலி வரைக்கும் வாயால் சொல்லச் சொல்லுங்கள்.

அப்புறம் தவறுகளுக்கான நோட்டு. நல்ல ஏற்பாடுதான், ஆனால் இங்கே அது கலைப்பொருளாகிவிட்டது. மூன்று நிறப் பேனா, வெட்டி ஒட்டிய கேள்வி, பக்கத்திலேயே சரியான விடை. ஒட்டி முடித்ததும் மூடி வைத்துவிடுகிறார்கள். விடையைப் பக்கத்தில் எழுதாதே, பின்பக்கத்தில் எழுது. மறுநாள் ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து ஒரு தடவை, மாதக் கடைசியில் ஒரு தடவை விடை பார்க்காமல் போடு. மூன்று தடவையும் சரியாக வந்தால் கிழித்துப் போடு. கையெழுத்துக்கும் இதே கதை. ஹெபெய் மாகாணத்தின் ஹெங்ஷுய் பள்ளியால் பெயர் பெற்ற, அச்சடித்ததுபோன்ற ஆங்கிலக் கையெழுத்தை இன்று ஊரெல்லாம் பழகுகிறார்கள். விடைத்தாளை ஸ்கேன் செய்து திரையில் திருத்துவதால் தெளிவான எழுத்துக்குப் பலன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பிறர் வாக்கியத்தை மணிக்கணக்கில் வரைகிற பிள்ளை சொந்தமாக ஒரு வாக்கியம்கூட எழுதாமல் தூங்கப் போகிறது.

கட்டுரைப் பகுதிக்கு 40 மதிப்பெண். சின்னக் கடிதத்துக்கு 15, ஒரு கதையின் தொடக்கத்தைப் படித்துவிட்டு மீதியை எழுதுவதற்கு 25. கடிதம் எழுதுகிறவன் பெயர் எப்போதும் லி ஹுவா. நாடு முழுக்கப் பிள்ளைகள் லி ஹுவாவாகித்தான் வெளிநாட்டு நண்பனுக்கு எழுதுகிறார்கள். இதற்கும் வார்ப்பு வாக்கியங்களை மனப்பாடம் செய்கிறார்கள். கதையில் யார் அழுதாலும் அறுந்த முத்துமாலைபோலக் கண்ணீர் கொட்டும். அந்த ஒரு வரி மட்டும் பிழையில்லாமல் பளபளக்கும், அடுத்த வரியில் காலம் தடம் புரளும். திருத்துகிறவருக்கு எது சொந்தம், எது ஒட்டுப்போட்டது என்று உடனே தெரியும். எங்கள் ஊர் லோங்ஜிங் தேயிலை பறிக்க நண்பனை அழைக்க வேண்டுமா? வீட்டில் தேநீர் எப்படிப் போடுகிறீர்கள் என்பதை ஆறு எளிய வாக்கியத்தில் எழுது. பிழையில்லாத எளிய வாக்கியம் எப்போதும் காப்பாற்றும்.

சரி, எப்படிப் பயிற்சி செய்வது? ஒரு நாளைக்குப் பத்துச் சொல் போதும். பட்டியலிலிருந்து எடுக்காதே, அன்றைக்குப் படித்த பத்தியிலிருந்து எடு. சொல்லை அந்த முழு வாக்கியத்தோடு நோட்டில் எழுது. கீழே உன் வீட்டைப் பற்றியோ வகுப்பைப் பற்றியோ, அதே அமைப்பில் ஒரு சொந்த வாக்கியம் எழுது. மறுநாள் ஆங்கிலத்தை மறைத்துவிட்டுச் சீனத்தைப் பார்த்து வாய்விட்டுச் சொல். சொல்ல வராவிட்டால் உடனே பார்க்காதே, கொஞ்சம் திணறு. அந்தத் திணறல்தான் நினைவில் நிறுத்துகிறது. தாளில் ஒரு பத்தியை நிரப்பி விடை சரிபார்த்த பிறகு தூக்கிப் போடாதே, விடைகளோடு முழுப் பத்தியையும் இரண்டு தடவை சத்தமாக வாசி, பிறகு மூடிவைத்து ஐந்து வாக்கியத்தில் திருப்பிச் சொல். ஒரு தாளை இப்படிச் செய்வது ஐந்து தாளை வேகமாக ஓட்டுவதைவிடப் பலன் தரும்.

பிழை திருத்தத்துக்கு இரண்டு வாரம் பழைய உன் கட்டுரையை எடு. முதல் சுற்றில் வினைச்சொல் மட்டும் பார், ஒவ்வொன்றுக்கும் அடியில் கோடு போட்டு இது எந்தக் காலம் என்று கேள். இரண்டாம் சுற்றில் பன்மை. மூன்றாவதில் எ, ஆன், தி. எல்லாவற்றையும் ஒரே சுற்றில் பார்த்தால் ஒன்றும் கண்ணில் படாது. ஆசிரியர்களே, நமக்கும் இதுதான். பக்கம் முழுக்கச் சிவப்பு மையால் நிரப்பிக் கொடுத்தால் பிள்ளை மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மடித்துவிடும். இந்த வாரம் வினைச்சொல் மட்டும்தான் திருத்துவேன் என்று சொல்லிவிட்டுத் திருத்துங்கள்.

பெற்றோரிடம் ஒரே ஒரு வேண்டுகோள். பள்ளியில் இரவு சுயபடிப்பு முடிந்து பிள்ளை வீட்டுக்கு வரும்போது மணி ஒன்பதரை, பத்து. வந்ததும் இன்று எத்தனை சொல் என்று கேட்காதீர்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இன்று எழுதிய ஒரு வாக்கியத்தை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், அதற்கு என்ன பொருள் என்று சீனத்தில் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை. அதற்கப்புறம் போனை வாங்கி வைத்துவிட்டு விளக்கை அணைத்துவிடுங்கள். தூக்கம் கெட்டுப் படித்தது மறுநாள் காலை வாசிப்புக்குக்கூட நிற்காது.